விழாவுக்காகப் பூட்டி வைத்த சான்றிதழ்கள்

1

எங்கள் சங்கத்துக்குப் பத்து வயதாகிறது. அதைக் கொண்டாட ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு வைக்கிறார்கள். தலைப்பு, 'சமூக சேவைத் துறை: சவால்களும் எதிர்காலத் திசைகளும்.' அழைப்பிதழைத் தட்டச்சு செய்தவள் நான்தான். 'திசைகளும்' என்று அடிக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தோட்டப்புறமான ஜெஞ்சாரோமுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டால் எங்கள் செயற்குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. இவர்கள்தான் எதிர்காலத்தின் திசையைச் சொல்லப் போகிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் தலைவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"கோமதிம்மா, விழா மலருக்கு ஒரு சக்ஸஸ் ஸ்டோரி வேணும். அந்த ஜெஞ்சாரோம் அம்மா போட்டோ இருக்கில்ல, ஒய்.பி. கையால சூராட் பெரானாக் வாங்கிட்டு அழுவுறாங்களே, அதப் போட்டு ரெண்டு பக்கம் எழுதிடுங்க. பாக்கறவங்களுக்கு மனசு உருகிடும் லா."

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டும். சூராட் பெரானாக் என்றால் பிறப்புச் சான்றிதழ். ஒய்.பி. என்றால் மக்கள் பிரதிநிதி. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இருப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் படம் ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்தது. படத்தில் இருக்கும் அம்மாவின் பெயர் முனியம்மா. அவர் ஆனந்தத்தில் அழுகிறார் என்று தலைவர் இன்றுவரை நம்புகிறார்.

அவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியும். அவரை அழ வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மலரில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான நாலாம் மாதம், மாயவரத்திலிருந்து இங்கே வந்தேன். கணவர் இந்த நாட்டில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று என் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். வந்து பார்த்தால் இரண்டு அறை, பின்பக்கம் தண்டவாளம், ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

இங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை உண்டு. ஐ.சி. என்பார்கள். குடிமக்களுக்கு நீலம், என்னைப் போலத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. பாரம் நிரப்பும் இடமெல்லாம் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். குடியுரிமைக்கு முதல் தடவை விண்ணப்பித்தபோது பதிவு இலாகாவில் என் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன். நம் ஊரில் அதுதானே எல்லாவற்றுக்கும் சாட்சி? கவுண்டரில் இருந்த அதிகாரி அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் ஏதோ சொன்னேன். பக்கத்தில் நின்ற சீன ஆன்டி என்மேல் இரக்கப்பட்டு மொழிபெயர்த்தார். அப்பா மாயவரம் நகராட்சிக்கு அலைந்து, ஒரு வருடம் கழித்து நகல் அனுப்பினார். அதில் என் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. விண்ணப்பம் தள்ளுபடி.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் எங்கள் சங்கத் தலைவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஏழு வருடமாகப் 'பரிசீலனையில்' இருக்கிறது.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. பன்னிரண்டு வயதானதும் போனார்கள், விரல் ரேகை வைத்தார்கள், நீல ஐ.சி. வாங்கி வந்தார்கள். அவர்களுக்குள் ஆங்கிலம், கூட்டாளிகளோடு மலாய், என்னிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ். முனியம்மா படத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டில் பொருமிக்கொண்டிருந்தபோது மகள் வாணி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஏன்மா இவ்ளோ டென்ஷன்? ஜஸ்ட் ஒரு பேப்பர்தானே."

பதினேழு வயதுப் பெண். கையில் காகிதம் இருப்பவளுக்கு அது காகிதம்தான். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை, சோறு போட்டேன்.

3

சங்கத்தில் எனக்குக் காரியதரிசி வேலை. பெயர்தான் பெரிசு. கடிதம் அடிப்பது, பாரம் நிரப்புவது, தேநீர் போடுவது, அலமாரிச் சாவியை வைத்திருப்பது எல்லாம் நானே. முதல் மூன்று வருடம் இலவசத் தையல் வகுப்பு, அரிசி மூட்டை, தீபாவளிக்கு வேட்டி சேலை என்று ஓடியது. பிறகு ஒருநாள் முனியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஜெஞ்சாரோமிலிருந்து உள்ளே மூன்று மைல் போனால் வரும், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். முனியம்மா அங்கே உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்தார். மகள் சாரதா, பேச்சில் ஒரு நிதானம் உள்ள பெண். ஐந்தாம் படிவம், நம் ஊர்க் கணக்கில் பள்ளி இறுதி, முடித்திருந்தாள். தாதிப் பயிற்சிக்கு, அதாவது நர்ஸ் படிப்புக்கு, போக வேண்டும் என்று ஆசை. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். நடப்பது மிகச் சாதாரணமாக. குழந்தை லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறக்கிறது. மருத்துவச்சி ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறாள். அப்பன் அதைத் தோட்டத்துக் கிராணியிடம், அதாவது ஆபீஸ் கணக்கரிடம், கொடுக்கிறான். கொடுத்ததோடு பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். கிராணி மேசைக்குள் போடுகிறார். அவருக்கு மாற்றல் வருகிறது. சீட்டு மேசையோடு இருக்கிறது. பள்ளியில் மேனேஜர் கடிதத்தை வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை வளர்ந்து ஐ.சி. எடுக்கப் போகும்போதுதான், நீ பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். அந்த மேசையை எந்தக் காலத்திலோ விறகுக்கு உடைத்திருப்பார்கள்.

சாரதாவை வைத்துத்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். மருத்துவச்சியைத் தேடிக் கிள்ளானில் கண்டுபிடித்து வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கினேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் பழைய பெயர்ப் பதிவேடு ஒன்று கரையான் அரித்துக் கிடந்தது. அதில் சாரதா பெயர் இருந்தது. ஓய்வு பெற்றுப் போன பழைய கிராணி அம்பாங்கில் மகன் வீட்டில் இருந்தார். முதலில் கதவையே திறக்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது அழுதுவிட்டார், கையெழுத்துப் போட்டார். இப்படிப் பதினான்கு மாதம். சாரதாவைப் பார்த்து இன்னும் நாற்பது குடும்பம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தது. அத்தனை பேருக்கும் பாரம் நிரப்பினேன். தலைவர் தன் காரிலேயே மூன்று தடவை அதிகாரிகளைப் போய்ப் பார்த்தார். அதை மறைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் தொழிலை விட்டுவிட்டு அரை நாள் பதிவு இலாகா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள் அவர். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் இவ்வளவு காலம் நீடித்திருக்காது.

நாற்பத்தொரு சான்றிதழ்களும் ஒரே கட்டாக வந்தன. அந்தக் கட்டைப் பிரித்துச் சாரதா பெயரைப் பார்த்தபோது நான் மேசையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்கே லெட்டர் போட்டு வரச் சொல்லிடறேன்," என்றேன்.

"அவசரப்படாதீங்க," என்றார் தலைவர். "ஒய்.பி.ய கூப்பிட்டு ஒரு விழா வச்சி குடுப்போம்."

4

நம் சனங்களிடம் மட்டுமே இருக்கும் வியாதி இது. ஊரிலும் பார்த்திருக்கிறேன், கடல் தாண்டியும் கூடவே வந்துவிட்டது. எதையும் சும்மா கொடுக்கக் கூடாது. மேடை வேண்டும், மாலை வேண்டும், பொன்னாடை வேண்டும், கொடுப்பவர் ஒரு முனையையும் வாங்குபவர் மறு முனையையும் பிடித்துக்கொண்டு இருவரும் காமிராவைப் பார்க்க வேண்டும். தையல் மெஷினை அப்படிக் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை அப்படிக் கொடுத்தோம். கண் தெரியாமல் ஒரு மாதம் கூடுதலாகத் தடவிக்கொண்டிருந்தவர் விழாவில்தான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை. வாங்குகிறவருக்கு அது மரியாதை என்றுதான் நினைத்தோம்.

நாற்பத்தொரு சான்றிதழ்களையும் உறையில் போட்டு, பெயர் எழுதி, இரும்பு அலமாரியில் பூட்டினேன். ஒய்.பி. ஒரு தேதி கொடுத்தார், மாற்றினார். இன்னொரு தேதி கொடுத்தார், அதையும் மாற்றினார். மூன்றாவது தேதிக்குத்தான் மண்டபம் கிடைத்தது.

அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, முனியம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். சாரதாவைத் தாதிப் பயிற்சி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற செவ்வாய். பிறப்புச் சான்றிதழின் அசல் கொண்டுவர வேண்டும்.

"சூராட் பெரானாக் வந்துருச்சின்னு கேள்விப்பட்டோம்மா. குடுத்தீங்கன்னா புள்ள கொண்டு போயிட்டு வந்துரும். வேணும்னா திரும்பக் கொண்டாந்து குடுத்துடறோம், விழாவுல மறுபடி வாங்கிக்கிறோம்."

எவ்வளவு யோசித்து வந்திருக்கிறார் பாருங்கள். விழாவுக்கும் வழி சொல்கிறார். அலமாரி எனக்குப் பின்னால் நாலடியில் இருந்தது. சாவி என் இடுப்பில். திரும்பி எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் தலைவரிடம் கேட்கப் போனேன்.

"ஒண்ணக் குடுத்தா மத்த நாப்பதும் வந்து நிக்கும் கோமதிம்மா. அப்புறம் ஒய்.பி. மேடையில என்னத்தக் குடுப்பாரு? அவரு மொகம் சுளிச்சாருன்னா அடுத்த பேட்ச்சுக்கு நமக்கு யாரு கதவத் தொறப்பா? சொல்லுங்க."

"இன்டர்வியூ செவ்வாக்கெழம சார். அவளுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட சரி. ஸ்கூல்ல லேட்டா சேத்தவ."

"நம்ம லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் குடுங்க. சான்றிதழ் வந்துடுச்சி, எங்க பொறுப்புல இருக்குன்னு. நம்ம சங்கத்துப் பேரப் பாத்தா போதும், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. என் குடியுரிமை விண்ணப்பம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, பரிந்துரை அவருடையது. ஒரு போன் செய்து அவர் அதைத் திரும்பப் பெற்றால் என்ன செய்வது என்று ஒரு பயம் எப்போதும் இருந்தது. அவர் ஒருபோதும் அப்படி மிரட்டியதில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லாமல் நானே பயந்துகொண்டேன்.

மூன்று மொழியிலும் அந்தக் கடிதத்தை அடித்தேன். ரப்பர் முத்திரையை அழுத்திக் குத்தினேன். முனியம்மாவுக்குத் தேநீர் கொடுத்தேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது போதுமாம்மா?" என்று கேட்டார்.

"போதும்," என்றேன்.

போதவில்லை. செவ்வாய்க்கிழமை சாரதா வரிசையில் நின்று, உள்ளே போய், மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாள். அசல் இல்லாமல் பேசவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் விதி அது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

5

விழா ஜாம் ஜாமென்று நடந்தது. தோட்டங்களிலிருந்து லோரியில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் லோரியிலிருந்து குதித்து இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒய்.பி. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, சமுதாயம் கல்வியில் முன்னேற வேண்டும் என்று பேசினார்.

சாரதா வரவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டதும் முனியம்மா எழுந்து போனார். உறையை ஒரு முனையில் ஒய்.பி. பிடித்துக்கொண்டார், மறு முனையில் அவர். காமிராக்காரர் இருவரையும் கொஞ்சம் திரும்பச் சொன்னார். நான் பெயர்ப்பட்டியலோடு மேடையில் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். முனியம்மா காமிராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இத வச்சி இப்ப நான் என்னம்மா பண்றது?"

சத்தமாகக் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். கேட்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் படம் எடுத்தார்கள். மறுவாரம் பத்திரிகையில் வந்தது, 'கனவு நனவான தாயின் ஆனந்தக் கண்ணீர்' என்று கீழே போட்டிருந்தார்கள். தலைவர் அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். ஆறு வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இனி நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தது. பிறகு வந்த ஒவ்வொரு கட்டும் விழாவுக்காகக் காத்திருந்தது. சில சமயம் மூன்று வாரம், ஒரு சமயம் ஐந்து மாதம்.

6

மலருக்குப் படம் போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்று தலைவரிடம் சொன்னேன். "தாராளமா கேளுங்க," என்றார். போன ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

சாரதா இப்போது கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். நாலாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை, கணவன் லோரி ஓட்டுகிறான். மூன்று மாதக் கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சி ஆன்டி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

"போட்டோவ நீங்க போடறதுனா போடுங்க. எனக்கு ஒரு காப்பி குடுங்க. அம்மா போட்டோ வேற எங்ககிட்ட இல்ல. ஐ.சி. போட்டோதான் இருக்கு, அதுல மூஞ்சே தெரியல."

"அதுல அழுதுக்கிட்டு இருக்காங்கம்மா."

"பரவால்ல ஆன்டி. அவங்க மூஞ்சிதானே."

தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். நர்ஸ் வேலை பற்றி நான் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள். குழந்தையின் சூராட் பெரானாக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே அவளே போய் எடுத்துவிட்டாளாம். தையல் இன்னும் காயவில்லை, மாமியார் வெளியே போகக் கூடாது என்றாராம். கேட்கவில்லை.

"இவரு நான் போயி எடுத்துட்டு வரேன்னாரு. விடல. யாருகிட்டயும் குடுக்கறதா இல்ல ஆன்டி. என் கையாலயே குடுத்து என் கையாலயே வாங்கிட்டு வந்தேன்."

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காயப்போட்ட குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"இப்ப உங்க அலமாரியில எத்தன இருக்கு ஆன்டி?"

பத்தொன்பது இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு வந்தவை. கருத்தரங்கு மேடையில், சாப்பாட்டுக்கு முன்னால், ஒய்.பி. கையால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறோம். அந்தப் பத்தொன்பதில் ஒன்று ஏழு வயதுப் பெண் பிள்ளையினுடையது. அதன் ஸ்கூல் பதிவு கருத்தரங்குக்கு முந்தைய வாரமே முடிகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நாலு வாரமாகச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தேன்.

"பத்தொம்பது," என்றேன்.

சாரதா துணியை மடித்து முடித்தாள்.

7

திங்கட்கிழமை எட்டரைக்கு அலமாரியைத் திறந்தேன். பத்தொன்பது உறைகளையும் காய்கறி வாங்கும் பாசார் பைக்குள் போட்டேன். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, பக்கத்துக் கடையில் சாரதாவுக்காகப் பிரதி எடுக்கக் கொடுத்தேன். பிறகு பஸ் ஏறினேன். இரண்டு நாள் ஆயிற்று. கேரி தீவுப் பக்கத்தில் ஆறு, ஜெஞ்சாரோமில் ஒன்பது, கிள்ளானில் நாலு.

எல்லாரும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். முதலில் போன வீட்டில் அந்த அம்மா உறையை வாங்கிக்கொண்டு ஏமாற்றத்தோடு நின்றார்.

"ஒய்.பி. குடுப்பாருன்னு சொன்னாங்களே? போட்டோல்லாம் இல்லியா? நான் புது ரவிக்கை தைக்கக் குடுத்துட்டேனேம்மா."

பத்து வருடத்தில் நாங்கள் சாதித்தது இதுதான். தன் பிள்ளை பிறந்ததற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ள, ஒரு மேடையும் மாலையும் வேண்டும் என்று அந்த அம்மாவையும் நம்ப வைத்துவிட்டோம். அவர்மேல் கோபம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் அப்பா உறையை வாங்கினார், சைக்கிளை எடுத்தார், அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது கருத்தரங்குத் தீர்மானங்களை நினைத்துப் பார்த்தேன். தலைவர் என்னிடம் வரைவு கேட்டிருந்தார். நான் இரண்டே விஷயம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்று, தோட்டங்களைத் துண்டு போட்டு வீடு கட்ட விற்கிறார்கள். லயங்களை இடித்துச் சனங்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டால், மருத்துவச்சியும் கிராணியும் செத்துப்போய்விட்டால், இவர்கள் பிறந்ததற்குச் சாட்சி சொல்ல ஆளே இருக்காது. ஆகவே இந்த வேலையை இப்போதே ஓடி ஓடிச் செய்ய வேண்டும். இரண்டு, எந்த ஆவணம் வந்தாலும் அந்த வாரமே உரியவர் கைக்குப் போய்விட வேண்டும். துறையின் சவாலும் எதிர்காலமும் எனக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான். தலைவர் இரண்டையும் அடித்துவிட்டு, 'மனித ஆற்றல் மேம்பாடு', 'தொலைநோக்குச் சிந்தனை' என்று எழுதியிருந்தார். இதெல்லாம் சின்ன விஷயம் லா, செமினாருக்குச் சரிப்படாது என்றார்.

புதன்கிழமை காலை அவர் காலியான அலமாரியின் முன் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். அந்த யோசனை என்னவென்று தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையில் உடம்பு எரிந்தது.

"சரி, போனது போச்சி. பத்தொம்பது காலிக் கவர் ரெடி பண்ணுங்க. பேரு எழுதி ஒட்டிடுங்க. எல்லாரையும் வரச் சொல்லி மேடையில அதக் குடுத்துக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு ஒய்.பி.க்கு எப்படித் தெரியும்?"

"நான் பண்ண மாட்டேன் சார்."

"கோமதிம்மா, கொஞ்சம் யோசிங்க. இத்தன வருஷம் ஒரு பேச்சு மாறாம செஞ்சீங்க. இப்ப என்ன வந்துச்சி உங்களுக்கு?"

அவர் எழுந்தார். மேசைமேல் கிடந்த அழைப்பிதழ்க் கட்டை நேராக அடுக்கி வைத்தார். அவர் அதை மிரட்டலாகச் சொன்னாரா, ஞாபகப்படுத்தினாரா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உங்க சிட்டிசன்ஷிப் பாரத்துல நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரியுமில்ல?"

"தெரியும் சார்," என்றேன். "அதுக்காகத்தான் அன்னிக்குச் சாரதாவோட சூராட் பெரானாக்க உள்ள வச்சிப் பூட்டினேன்."